தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

எனக்கும் என் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்தே அப்படித்தான். நான் கிழக்கே என்றால் அவள் மேற்கே என்பாள். நடுவில் என் அண்ணன் தையல் மிஷினை மிதித்தபடி இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் அவளைப் பற்றி நான் நல்லதாக எது சொன்னாலும் அது பாசத்தில் சொல்வது இல்லை, வேறு வழியில்லாமல் சொல்வது.

அண்ணி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பெண் கண்டக்டர் என்றால் ஏறுகிறவன் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்த காலத்திலேயே தோளில் பையை மாட்டியவள். அவள் குரல் பின்படியில் புறப்பட்டால் டிரைவர் காதைத் தாண்டி ரோட்டில் போகிற சைக்கிள்காரனையும் ஒதுங்க வைக்கும். ஓய்வு பெற்றதும் வீட்டில் கொஞ்ச நாள் சும்மா இருப்பாள் என்று நினைத்தோம். அவளா இருப்பாள்? ஆலை நினைவிடத்தில் வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்த மறுநாளே போய் நின்றுவிட்டாள். நான் ஏற்கெனவே அங்கே டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பார்ப்பது போதாதென்று இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டாளே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

வேலை மாறினாலும் வாய் மாறவில்லை. கழுத்தில் வழிகாட்டி அட்டை தொங்கும். அதே கயிற்றில் பழைய விசிலும் தொங்கும். "உள்ள வாங்க, உள்ள வாங்க, வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க!" என்று பார்வையாளர்களை விரட்டுவாள். நிற்க வேண்டிய இடம் வந்தால் "ஹோல்டான்!" ஒரு கூடம் முடிந்து அடுத்த கூடத்துக்குக் கிளம்பும்போது "போலாம் ரைட்!" முதலில் சிரிப்பார்கள். பிறகு பெரிய மனிதர்கள்கூட அவள் விசிலுக்குக் கட்டுப்பட்டு வரிசையில் நடப்பார்கள். நினைவிடத்தில் அவளுக்கு 'ரைட்டம்மா' என்றுதான் பெயர்.

நினைவிடம் என்றால் தூணும் தோட்டமும் இல்லை. அது ஒரு பழைய நூல் ஆலை. சண்டைக் காலத்தில் ஒருநாள் மத்தியானம் ராணுவ லாரிகள் அதற்குள் நுழைந்தன. முடிந்தவர்கள் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டார்கள். மற்றவர்களை, அதில் பெரும்பாலும் பெண்கள், நூல் மூட்டை அடுக்கும் கிடங்குக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டு, நெருப்பு வைத்தார்கள். பஞ்சும் நூலும் இருக்கிற இடம். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கிடங்குக்குள் அண்ணியின் அம்மா இருந்தார். அண்ணி அப்போது பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண். லாரிகள் போனதும் முதலில் ஓடி வந்தவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். பழுக்கக் காய்ந்திருந்த தாழ்ப்பாளை வெறுங்கையால் இழுத்துத் திறந்தவர் அவர்தான். திறந்து பிரயோஜனம் இல்லை. அவருடைய வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு, கடைசிவரை இருந்தது. அந்தக் கையில் டம்ளர் நிற்காது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காப்பியை இடது கையால் வாங்குவார். விஷயம் தெரியாமல் நான் ஒருமுறை, "என்ன மாமா இது, இடது கையில வாங்குறீங்க?" என்று கேட்டு, அண்ணி என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இந்தக் கதையை அண்ணி பார்வையாளர்களிடம் அழுது சொல்ல மாட்டாள். ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி தெளிவாக, சத்தமாகச் சொல்வாள். "இங்க அடைச்சாங்க. வெளியில தாழ்ப்பாள் போட்டாங்க. கொன்னாங்க." அவ்வளவுதான். கேட்கிறவர்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

பழைய மேனேஜர் இருந்தவரை பிரச்சினை இல்லை. புதிதாக ஒருவர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்று தானே போய்ப் பார்ப்பார். யார் மனசும் நோகக்கூடாது என்பதில் குறியாக இருப்பார். அந்தக் கணக்கில் எங்கள் மனசு மட்டும் வராது. அவர் வந்ததும் செய்த முதல் வேலை, கிடங்கைப் பழுதுபார்க்க வேண்டும் என்று தார்ப்பாய் போட்டு மூடியது. இரண்டாவது வேலை, வாசலில் புதுப் பலகை வைத்தது. 'இங்கே ஆலைத் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர்' என்று பலகை சொன்னது. வழிகாட்டிகளும் இனிமேல் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அண்ணி நேரே அவர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன், அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று.

"சார், இழக்கறதுன்னா என்ன? குடையை பஸ்ல விட்டுட்டு இறங்குனவங்களைப் பாத்திருக்கேன். டிபன் பாக்ஸை விட்டுட்டு இறங்குனவங்களைப் பாத்திருக்கேன். ஒருத்தர் பல்செட்டையே விட்டுட்டு இறங்கினாரு. உயிரை மறந்து வச்சுட்டு இறங்குனவங்களை நான் பாத்ததே இல்ல. எங்கம்மா எதையும் தொலைக்கல சார். கொன்னாங்க."

"அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றார் மேனேஜர். "ஆனா இது பலதரப்பட்ட ஆளுங்க வர்ற இடம். அந்த வார்த்தை காதுக்குக் கடுமையா இருக்கு."

"நடந்தது மட்டும் மென்மையா இருந்துச்சா?"

மேனேஜரின் முகம் சுருங்கிப் போயிற்று. "இதோ பாருங்க, இன்னொரு தடவை உங்க வாயில இருந்து அந்த வார்த்தை வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா, அட்டையைக் கழட்டி மேஜையில வச்சுட்டுப் போயிட வேண்டியதுதான். இவ்வளவுதான் சொல்வேன்."

அண்ணி பதில் பேசாமல் வெளியே வந்தாள். அவள் பதில் பேசாமல் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்த அட்டை அவளுக்கு வெறும் அட்டை இல்லை. அம்மா போன இடத்தில் நின்று அம்மாவுக்கு நடந்ததைத் தினமும் தன் வாயால் சொல்ல அவளுக்குக் கிடைத்த உரிமை அது. அதைப் பிடுங்கிவிட்டால் அவள் வீட்டில் உட்கார்ந்து சுவரோடுதான் பேச வேண்டும். சுவர் கிடைக்காவிட்டால் என்னோடு.

சில வாரம் கழித்து ஒரு தனிச் சுற்று வந்தது. தனிச் சுற்று என்றால் ஒரு வேன், ஒரு வழிகாட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே குடும்பத்துக்கு. நினைவிடம் நடத்தும் அறக்கட்டளையின் தலைவருக்கு வேண்டிய ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வருகிறார்கள் என்று வாராந்திர விடுமுறை நாளில் அவர்களுக்காக மட்டும் ஆலையைத் திறந்தார்கள். மற்ற வழிகாட்டிகள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்ததால் ரைட்டம்மாவை விட்டால் ஆளில்லை.

முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு கவுன்ட்டர் கிடையாது. நீங்க அவங்க கூடவே போங்க. அந்த வார்த்தை வருதா இல்லையான்னு எனக்குச் சொன்னாப் போதும்."

"அண்ணியை வேவு பாக்கச் சொல்றீங்களா சார்?"

"வேவுன்னு எதுக்குச் சொல்றீங்க? கூட இருங்கன்னுதான் சொல்றேன்."

பலகையில் இருக்கிற 'உயிரிழந்தனர்' மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணியிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள்.

"பரவாயில்ல நாத்தனாரே. இத்தனை வருஷமா சம்பளமில்லாம செஞ்ச வேலைதானே. இப்போ ஆர்டரோட செய்றே."

"கிண்டல் வேணாம் அண்ணி. நாளைக்கு ஒரே ஒரு நாள் அந்த வார்த்தையை முழுங்கிடுங்க. அட்டை போச்சுன்னா திரும்பக் குடுக்க மாட்டாங்க. அப்புறம் நாள் பூரா உங்களை வீட்டுல வச்சுக்கிட்டு நானும் அண்ணனும் என்ன செய்றது?"

"சரி. என் வாயில இருந்து வராது. போதுமா?" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வேன் வந்தது. பல் டாக்டர் தொப்பி வைத்த மெலிந்த மனிதர். யார் பேசினாலும் அவர் பார்வை கண்ணுக்கு வராது, நேரே பல்லுக்குப் போகும். நான் வாயை மூடிக்கொண்டே வணக்கம் சொன்னேன். அவர் மனைவி கலகலப்பானவர். கையில் விசிறி வைத்துக்கொண்டு பார்த்ததையெல்லாம் கேள்வி கேட்டார். வேன் டிரைவர் அண்ணியின் பழைய டிப்போ ஆள். அவள் விசில் ஊதினால்தான் வண்டியை எடுத்தார்.

முதலில் தொழிலாளர் குடியிருப்பு. வரிசை வீடுகளில் ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரே அறை, அடுப்பு மூலை, தகரப் பெட்டி, சுவரில் துண்டு மாட்டும் ஆணி. "மூணு தடவை ஆலைச் சங்கு ஊதும்," என்றாள் அண்ணி. "முதல் சங்குக்கு எந்திரிப்பாங்க. ரெண்டாவது சங்குக்கு வாசலைத் தாண்டணும். மூணாவது சங்குக்கு மிஷின் முன்னாடி நிக்கணும். எங்கம்மா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுலதான் எனக்குத் தலை பின்னி விடுவாங்க. அதனால என் பின்னல் எப்பவும் பாதியிலயே நிக்கும்." டாக்டர் மனைவி சிரித்தார். அண்ணியும் சிரித்தாள்.

பிறகு நூற்புக் கூடம். எண்ணெய் வாடை இன்னும் போகாத மிஷின் வரிசை. பிறகு சம்பள ஜன்னல், அதுதான் இப்போது என்னுடைய டிக்கெட் கவுன்ட்டர். எல்லா இடத்திலும் அண்ணி வாக்கு மாறவில்லை. பேச்சு அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் அப்படியே நிறுத்திவிடுவாள். "லாரில வந்தவங்க இவங்களையெல்லாம் கிடங்குக்குள்ள தள்ளி..." என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்து ஊதுவாள்.

"தள்ளி?" என்றார் டாக்டர்.

"அதுக்கு மேல என் வாய்க்குத் தாழ்ப்பாள் போட்டிருக்காங்க டாக்டர். கிடங்கைப் பாத்தா உங்களுக்கே தெரியும். போலாம் ரைட்!"

நான் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதிலும் இவளுக்கு இத்தனை குசும்பு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடங்குக்குப் போனோம். தார்ப்பாயை எடுத்துவிட்டிருந்தார்கள். பழுதுபார்த்த பிறகு அண்ணியும் நானும் அதைப் பார்ப்பது அப்போதுதான். கரி படிந்த சுவரைத் தொடாமல் விட்டிருந்தார்கள், அதுவரை சந்தோஷம். கதவுக்கு மட்டும் பழுப்பு நிறத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசலில் ஒரு தச்சர் தன் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு பேரும் உள்ளே போனோம். ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம், அதில் கொஞ்சம் வெளிச்சம்.

டாக்டர் மனைவி திரும்பிக் கதவைப் பார்த்தார். விசிறியை நிறுத்திவிட்டு அருகில் போனார். கதவின் உட்புறத்தில் பெரிய இரும்புத் தாழ்ப்பாள், துரு நீக்கி எண்ணெய் போட்டு, பளிச்சென்று இருந்தது. அவர் அதை மெதுவாகத் தொட்டார்.

"அய்யோ பாவம். பயத்துல உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க," என்றார். "நெருப்பு வந்தப்பவாவது திறந்துட்டு ஓடியிருக்கலாமே. பதட்டத்துல தோணல போல."

அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கல் நெஞ்சுக்காரி என்று நான் ஆயிரம் முறை திட்டிய அந்தப் பெண்ணின் உதடு நடுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஹோல்டான்," என்றாள். சத்தமே வரவில்லை.

பிறகு டாக்டர் மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்களைத் தப்பா நினைக்கல. கண்ணால பாத்ததைத்தான் சொன்னீங்க. எனக்கு அதான் வயிறெரியுது. நாளைக்கு வர்ற எல்லாரும் இதைத்தானே பாப்பாங்க? இதைத்தானே சொல்லிட்டுப் போவாங்க? எங்கம்மாவுக்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியும்மா. தினம் வீட்டைப் பூட்டித் திறந்து வேலைக்கு வந்தவங்க. இந்தத் தாழ்ப்பாள் வெளியில இருந்துச்சு. எங்கப்பா வெளியில இருந்துதான் இழுத்தாரு. கை வெந்து போச்சு. அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் வளந்தேன்."

டாக்டர் மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டார். டாக்டர் முதல் முறையாக அண்ணியின் பல்லைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார்.

அண்ணி வெளியே போய்த் தச்சரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இந்தத் தாழ்ப்பாளை உள்பக்கம் மாட்டினது யாரு?"

"நான்தாம்மா," என்றார் அவர் பெருமையாக. "துரு எடுக்கக் கழட்டினேன். யாரோ வெளியில மாட்டி வச்சிருந்தாங்க. ரூமுக்கு யாராவது வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைப்பாங்களா? தெரியாத ஆளு செஞ்சிருக்கான்னு நானே சரி பண்ணிட்டேன். சார்கிட்டயும் சொன்னேன். இருக்கட்டும், அதான் பாதுகாப்புன்னாரு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அண்ணிக்கும் வரவில்லை.

"உங்க மேல தப்பில்லண்ணே. நல்ல மனுஷனுக்கு அப்படித்தான் தோணும்," என்றாள். "அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கும்மா? சார் சொல்லாம..."

"நீங்க எதுவும் செய்ய வேணாம். குடுங்க."

வாங்கினாள். கதவின் வெளிப்பக்கத்தில் புதுப் பெயின்ட்டின் மேல் நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் நின்று ஸ்க்ரூ டிரைவரின் முனையால் குத்தினாள். ஓட்டையை அடைத்திருந்த பட்டி உதிர்ந்தது. பழைய திருகாணித் துளை. பக்கத்திலேயே இன்னொன்று. கதவு நிலையிலும் தாழ்ப்பாள் நுழைகிற வளையம் இருந்த இடம் தெரிந்தது. துளைகளைச் சுற்றி மரம் கறுத்து, உள்ளே கரியாக இருந்தது. தச்சர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனியில் ஒட்டிய கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாசலில் இருந்த பலகையைப் பார்த்தார், கிடங்கின் கறுத்த சுவரைப் பார்த்தார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. வேலைக்கு மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"தள்ளுங்கம்மா," என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "நான் மாட்டினது, நானே கழட்டறேன்."

எல்லோரும் வெளியே வந்து நின்றோம், வேன் டிரைவரும் வந்து சேர்ந்துகொண்டார். தாழ்ப்பாளும் வளையமும் உட்புறத்திலிருந்து வெளியே வந்து பழைய துளைகளில் பழையபடி உட்கார்ந்தன. கடைசித் திருகாணியைத் தச்சர் முறுக்கிக்கொண்டிருந்தபோது, டீ தயாராக இருக்கிறது என்று விருந்தாளிகளைக் கூப்பிட மேனேஜர் வந்தார். உதிர்ந்து கிடந்த பெயின்ட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன இது? யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்று நேரே கிடங்குக்குள் போய்க் கதவின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். "நேத்து அடிச்ச பெயின்ட்! இப்போ இங்க ஓட்டை ஓட்டையா இருக்கு! வெளியில தாழ்ப்பாள் இருந்தா எவனாவது விளையாட்டுக்குப் போட்டுட்டுப் போயிடுவான், யாரு பொறுப்பு?"

"சார், உள்பக்கம் இருந்தா எங்கம்மா தானே பூட்டிக்கிட்டுச் செத்தாங்கன்னு ஆகுது," என்றாள் அண்ணி.

"அய்யய்யே, எதுக்கெடுத்தாலும் இப்படி ஆரம்பிச்சிடுறீங்க. பழைய கதவு, பழைய தாழ்ப்பாள். ரெண்டும் பத்திரமா இருக்குல்ல? தாழ்ப்பாள் இந்தப் பக்கம் இருந்தா என்ன, அந்தப் பக்கம் இருந்தா என்ன?"

அண்ணி கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளைத் தள்ளினாள். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், சத்தமில்லாமல் போய் வளையத்துக்குள் நுழைந்தது. மேனேஜர் உள்ளே, நாங்கள் வெளியே. நான் "அண்ணி!" என்று அலறியே விட்டேன்.

"இப்போ சொல்லுங்க சார்," என்றாள் கதவைப் பார்த்து. "எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

உள்ளிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது. "சரிம்மா, விளையாட்டுப் போதும். திறங்க." யாரும் அசையவில்லை. கதவை இழுத்துப் பார்த்தார். பிறகு தட்டினார். பிறகு இரண்டு கையாலும் அடித்தார். "திறங்கம்மா. இருட்டா இருக்கு. மூச்சு முட்டுது. திறங்கன்னு சொல்றேன்ல!" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. டாக்டர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் உள்ளிருந்து ஒரு கத்தல் வந்தது.

"யோவ், யாராவது இருக்கீங்களா? என்னைக் கொல்லப் பாக்குறீங்களா?"

அண்ணி உடனே தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள்.

மேனேஜர் வெளியே வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே இருந்தது ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட இருக்காது. அண்ணி தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

"நான் திறந்துட்டேன் சார்," என்றாள் அண்ணி. "அன்னைக்கு உள்ள இருந்தவங்களுக்கு நேரத்துக்கு யாரும் திறக்கல."

மேனேஜர் வாயைத் துடைத்துக்கொண்டார். பயம் இறங்கியதும் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தை அண்ணியிடம் காட்டத் தைரியமில்லாமல் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. காலையில இருந்து கூடவே இருந்தீங்களே. அந்த வார்த்தையை இவங்க சொன்னாங்களா இல்லையா?"

குத்தலாகப் பதில் சொன்னால் என் வேலையும்தான் போகும். ஆனாலும் அப்படி ஒரு கேள்வியை அந்த இடத்தில் கேட்டால் நான் என்ன செய்வேன்?

"அந்த வார்த்தை இன்னைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு சார்," என்றேன். "சொன்னது நீங்க."

வேன் டிரைவர் கொல்லென்று சிரித்துவிட்டு இருமுவதுபோல் நடித்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு அண்ணியிடம் கையை நீட்டினார். "என்னை வச்சுப் பூட்டினதுக்கு... அட்டையைக் குடுத்துடுங்க."

அண்ணி வாதாடவில்லை. கயிற்றைத் தலைவழியே கழற்றி, அட்டையை மட்டும் பிரித்து அவர் கையில் வைத்தாள். விசிலை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"சாயங்காலம் வரைக்கும்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க? இன்னும் சாயங்காலம் ஆகலையே," என்றார் டாக்டர் மனைவி, மேனேஜரிடம். அண்ணி முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் நடந்தோம். ஆலை வாசலுக்கு வெளியே பொது ரோடு. அந்த ரோட்டில் நின்று, பின்சுவர் ஏறிக் குதித்தவர்கள் எந்தச் சந்து வழியாக ஓடினார்கள், யார் யாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று வெளிச்சம் மங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் கொடுத்த வாக்கு அட்டைக்காகக் கொடுத்தது. அட்டை போனதும் வாக்கும் முடிந்துவிட்டது. ரோடு அதிர அந்த வார்த்தையைச் சொன்னாள். டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் அழுதாள். நான் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன், அவள் அழுவது எனக்குக் கேட்கக்கூடாது என்று.

மறுநாள் காலை கவுன்ட்டரைத் திறந்தேன். மேனேஜர் தச்சரை மறுபடி கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உள்ளே மாற்றச் சொல்லியிருக்கிறார். அவர் முடியாது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேறு ஆள் தேடப்போவதாகப் பேச்சு. பலகையும் அப்படியே இருந்தது. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை, இன்னும் யோசிக்கிறார் போலிருக்கிறது. எடுத்தால் எடுக்கட்டும். வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் என் அண்ணி, தலை வாரி, கழுத்தில் விசிலோடு.

அவள் முறை வந்தது. ஜன்னலுக்குள் கையை நீட்டினாள். "டிக்கெட் ஒண்ணு."

"அண்ணி, அவரு உள்ள விட மாட்டாரு."

"டிக்கெட் வாங்குன ஆளை நடுவழியில இறக்கி விட முடியாது. அது எனக்கா தெரியாது? இன்னைக்கும் வருவேன், நாளைக்கும் வருவேன். கதவு பக்கத்துல நிப்பேன். அட்டை போட்டவங்கதான் அவரு எழுதிக் குடுத்ததைச் சொல்லணும். டிக்கெட் வாங்குனவ என்ன வேணா சொல்லலாம்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண், கையில் குழந்தையோடு, என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, இது என்ன இடம்? பலகையில ஏதோ உயிரிழந்தனர்னு போட்டிருக்கே. என்ன, விபத்தா?"

மேனேஜர் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னலோரம் குனிந்து, என்னால் முடிந்த அளவு சத்தமாகச் சொன்னேன்.

"விபத்து இல்லம்மா. கொன்னாங்க. உள்ள போய்க் கதவைப் பாருங்க, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது கிடையாது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று. டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தேன்.

"வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க," என்றேன். "போலாம் ரைட்!"